தென் கரோலினாவில் பனை

1961ஆம் ஆண்டு யூலை மாதம் பதினான்காம் திகதி, வெள்ளிக்கிழமை, பிற்பகல் இரண்டு மணி இருபது நிமிடம். சோளகக் காற்று புழுதியை அள்ளிவந்து பள்ளிக்கூட மண்டபத்தின் பத்து யன்னல்களாலும் உள்ளே கொட்டிக்கொண்டிருந்தது. மழை பெய்து எழுபத்தொரு நாட்கள். அந்த வேளையில், பதினான்கு வயதில், யாழ்ப்பாணத்தில் அமெரிக்க மிஷனரிமார் தொடங்கிவைத்த ஒரு பள்ளிக்கூடத்தின் மேடையில் நின்று, மனிதரை மனிதர் அடிமையாக வைத்திருப்பது நியாயமே என்று நான் ஏழு நிமிடம் பேசினேன்.

இதை இப்போது எழுதவைத்தது ஒரு துவாய். நான் மொன்றியலில், வில்லரேயில், ஒரு வீட்டின் இரண்டாம் தட்டில் இருக்கிறேன். வெளிப்படிக்கட்டில் பத்தொன்பது படிகள். எட்டாவது படியில் மூச்சு வாங்க நிற்பது வழக்கம். கீழ்வீட்டு மதாம் ஒவ்வொரு யூன் மாதமும் தெற்கே ஏதோ ஒரு கடற்கரைக்குப் போய் இரண்டு கிழமை வெயிலில் கிடந்துவிட்டு வருவார். வந்ததும் துவாய்களைப் பல்கனிக் கம்பியில் காயப்போடுவார். பதினொரு வருடமாக அவற்றைப் பார்த்துவருகிறேன். இந்த வருடம்தான் உற்றுப் பார்த்தேன். கருநீலத் துவாய். மூலையில் ஒரு வெள்ளைப் பிறை, நடுவில் ஒரு வெள்ளை மரம். நெடுத்த தண்டு, உச்சியில் விசிறி விசிறியாய் ஓலை. எட்டாவது படியில் நின்று, இது என்ன என்று கேட்டேன். அது அந்த மாநிலத்துக் கொடி என்றார் மதாம். எந்த மாநிலம்? "கரோலின் து சூத்." பிரெஞ்சில் தென் கரோலினா.

நான் அந்தப் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். மதாம் எனக்கு இருதயத்தில் ஏதோ என்று பயந்து தண்ணீர் கொண்டுவந்தார். எனக்குத் தெரிந்த பிரெஞ்சுச் சொற்கள் இருநூறு இருக்கும். அறுபத்துநான்கு வருடத்துக்கு முன் தோற்ற ஒரு விவாதம் இந்த நிமிடம் என் பக்கம் திரும்பியிருக்கிறது என்று விளக்க அவை போதவில்லை.

எங்கள் சரித்திர வாத்தியார் வகுப்பை அமெரிக்கக் காங்கிரசாக மாற்றினார். உள்நாட்டுப் போருக்குப் பத்து வருடம் முந்திய காங்கிரஸ். வடக்கு என்ன சொன்னது, தெற்கு என்ன சொன்னது, புதிதாகச் சேரும் நிலத்தில் அடிமைகளை வைத்திருக்கலாமா, தப்பி ஓடியவனைப் பிடித்துத் திருப்பிக் கொடுக்கச் சட்டம் போடலாமா என்றெல்லாம் இரண்டு பாடவேளைகளில் சொல்லிமுடித்தார். பிறகு இருவரைத் தெரிந்தெடுத்து, ஒருவன் தென் கரோலினாவின் செனட்டர், மற்றவன் மாசச்சூசெட்சின் செனட்டர், முழுப் பள்ளிக்கூடத்துக்கும் முன்னால் வாதாடவேண்டும் என்றார். வெல்கிறவன் ஆவணியில் கொழும்புக்கு, பள்ளிக்கூடங்களுக்கிடையிலான போட்டிக்கு, ரயிலில் போவான்.

மற்றதெல்லாம் எனக்குக் காதில் விழவில்லை. ரயில் என்றது மட்டும் விழுந்தது. நான் அதுவரை ரயிலில் ஏறியதில்லை. இத்தனைக்கும் என் பெரியப்பா இருபத்தேழு வருடம் ஸ்ரேசன் மாஸ்ரராக இருந்து ஓய்வுபெற்றவர். ஆயிரக்கணக்கான ரயில்களைக் கொடி காட்டி அனுப்பியவர், ஒன்றிலாவது என்னை ஏற்றிவிடவில்லை. யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்பு வரையுள்ள ஸ்ரேசன்களை முன்னும் பின்னுமாக ஒப்புவிப்பேன். அவ்வளவுதான் என் பிரயாணம்.

வாத்தியார் தொப்பியில் சீட்டுப் போட்டார். எனக்குத் தென் கரோலினா விழுந்தது. மாசச்சூசெட்ஸ் என் வகுப்புப் பையன் ஒருவனுக்கு. அவன் தகப்பன் எங்கள் பனங்காணியில் ஏறிக் கள்ளுச் சீவுகிறவர். அன்றைக்கு அவனுக்கு வாய்த்த பேர் இன்றுவரை மாறவில்லை. இப்போது என்னைப்போலக் கிழவராகிவிட்ட அவருக்கு நான் தென் கரோலினா, எனக்கு அவர் மாசச்சூசெட்ஸ். ஆகவே இங்கேயும் அப்படியே இருக்கட்டும்.

எனக்குக் காரணங்கள் வேண்டும். நேரே பெரியப்பாவிடம் போனேன். ஊரில் அமெரிக்க அடிமைகளுக்காக அழுதவர் அவர் ஒருவர்தான். தடித்த ஆங்கிலப் புத்தகம் ஒன்றை மூன்று தடவை வாசித்து, மூன்று தடவையும் ஒரே பக்கத்தில் கண்ணைத் துடைத்திருக்கிறார். நான் தென் கரோலினா என்றதும் எங்கள் வீட்டு விறாந்தையில் கிடந்த சாய்மனைக் கதிரையிலிருந்து எழும்பிவிட்டார்.

"அந்தப் பாவியளுக்காக என்ர வாயால ஒரு சொல்லும் வராது. மனிசனை மனிசன் மாடுமாதிரி நடத்துறதுக்கு நியாயம் இருக்கோ? வேற ஆரிட்டயும் போ."

போக வேறு ஆள் இல்லை. யன்னலுக்குக் கீழே கொப்பியும் பென்சிலுமாகக் குந்தியிருந்தேன். அன்று பின்னேரம் போஸ்ற்மாஸ்ரர் வந்தார். தெருவோர நல்லதண்ணிக் கிணற்றில் எல்லோரும் அள்ளலாம் என்று கிராமச் சங்கம் தீர்மானிக்கப்போகிறது, அது நல்லதுதானே என்று மெல்லத் தொடங்கினார். பெரியப்பா மறுமொழி சொன்னார். நாற்பத்தைந்து நிமிடம் சொன்னார்.

இது நேற்று இன்று வந்ததல்ல, பாட்டன் பூட்டன் காலத்து ஒழுங்கு, அதை மாற்ற நாங்கள் யார் என்றார். அவர்கள் எங்கள் பிள்ளைகள் மாதிரி, நல்லது கெட்டதுக்கு அரிசியும் வேட்டியும் கொடுத்து வைத்திருக்கிறோம் என்றார். அவர்களே இதைக் கேட்கவில்லை, வெளியிலிருந்து வருகிறவர்கள்தான் கிளப்பிவிடுகிறார்கள். இன்றைக்குக் கிணறு, நாளைக்கு வீட்டுக்குள். அவர்கள் இன்னும் பக்குவப்படவில்லை, முதலில் படிக்கட்டும், பிறகு ஆறுதலாகப் பார்க்கலாம். எங்கள் ஊர் விஷயத்தில் கொழும்பு மூக்கை நுழைக்க உரிமையில்லை. கடைசியாக, இவர்களும் எங்களுக்குச் சரிசமம் என்று வந்துவிட்டால் புகையிலைத் தோட்டத்தில் யார் இறங்குவது, பனையில் யார் ஏறுவது?

எண்ணிப் பார்த்தேன். ஏழு. ஒவ்வொன்றுக்கும் ஒரு நிமிடம் என்றால் கணக்குச் சரி.

வேலை சுலபம். கொழும்பை வாஷிங்டன் ஆக்கினேன். கிணற்றை வாக்குரிமை ஆக்கினேன். வேட்டியைக் காற்சட்டையாக்கினேன். புகையிலையை மாற்றவேண்டியிருக்கவில்லை, அங்கேயும் புகையிலைதான். எட்டாவதாக ஒரு காரணம் என் சொந்தப் புத்தியில் வந்தது: அடிமைகள் கனடாவுக்குத் தப்பி ஓடுவது அவர்களுக்கே தீங்கு, அங்கே குளிரில் செத்துப்போவார்கள். அந்த ஒன்றை மட்டும் இன்றும் என்னால் முழுதாக மறுக்க முடியவில்லை. முப்பத்தெட்டுக் குளிர்காலங்களாக யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

நியாயமான வாதம் நடக்கவேண்டும் என்பதற்காக இருவரும் பேச்சின் சுருக்கத்தை மூன்று நாள் முன்னதாகவே மாற்றிக்கொள்ளவேண்டும் என்று வாத்தியார் சொல்லியிருந்தார். செவ்வாய்க்கிழமை மாசச்சூசெட்ஸ் எங்கள் வீட்டுக்கு வந்து படலையடியில் நின்றான். அம்மா தேத்தண்ணி கொடுத்தார். எங்கள் வீட்டில் தேத்தண்ணிப் பேணிகள் பித்தளையில் பதினொன்று. வேலிக் கதியால் தடியில் கவிழ்த்து வைத்திருந்த, ரின்பால் வந்த தகரப் பேணியையும் சேர்த்தால் பன்னிரண்டு. நான் எப்போதும் பன்னிரண்டு என்பேன், அம்மா பதினொன்று என்பார். எனக்குக் கணக்குத் தெரியாது என்று சொல்லிச் சிரிப்பார். மாசச்சூசெட்ஸ் அந்தப் பன்னிரண்டாவதில் நின்றபடி குடித்து, தானே கழுவி, ஒரு சொட்டும் இல்லாமல் உதறி, கதியாலில் கவிழ்த்து வைத்தான். பிறகு என் தாளை வாங்கி வாசித்தான். முதல் காரணத்திலேயே ஒரு தடவை எங்கள் வீட்டு விறாந்தையை நிமிர்ந்து பார்த்தான்.

"இதெல்லாம் ஆர் சொன்னது?"

"புத்தகத்தில கிடந்தது" என்றேன்.

"நல்ல புத்தகம்" என்றான்.

வெள்ளிக்கிழமை மேடையில் மூன்று நடுவர்கள். அதிபர், கணக்கு வாத்தியார், ஊர்ப் பிரமுகர் என்ற முறையில் என் பெரியப்பா. அவர் நடுவராக வருவது எனக்கு முதல்நாள் பள்ளிக்கூடத்தில்தான் தெரியவந்தது. மிகவும் சந்தோஷப்பட்டேன்.

முதல் காரணத்துக்குப் பெரியப்பா தலையாட்டினார். இரண்டாவதுக்கும் ஆட்டினார், நல்ல கருத்து ஒன்றைக் கேட்கிறவர் ஆட்டுவதுபோல. மூன்றாவதில் தலை பாதியில் நின்றது. நான்காவதில் முகட்டைப் பார்த்தார். ஐந்தாவதில் தனக்கு வைத்த தண்ணீரைக் குடித்துவிட்டு, அதிபருக்கு வைத்ததையும் எடுத்துக் குடித்தார். முகம் நன்றாகச் சிவந்திருந்தது. பெருமை என்று நினைத்துக் குரலை இன்னும் உயர்த்தினேன். ஏழாவது காரணத்தில், புகையிலைக்கு யார் இறங்குவார் என்று கையை நீட்டிக் கேட்டு, அதே வேகத்தில் பனையில் யார் ஏறுவார் என்றும் கேட்டேன். பனையை மாற்ற மறந்துபோயிருந்தேன்.

நான் எட்டாவதையும் சொல்லி முடித்து உட்கார்ந்தேன். மாசச்சூசெட்ஸ் முதலில் எழுதிவந்த உரையைப் பேசினான். துருவ நட்சத்திரத்தைப் பார்த்து வடக்கே நடந்துபோகிறவர்களைப் பற்றிச் சொன்னபோது காற்றும் நின்றுவிட்டதுபோல இருந்தது. பிறகு என் காரணங்களுக்கு மறுமொழி சொல்ல இரண்டு நிமிடம் கொடுத்தார்கள். காற்சட்டைப் பையிலிருந்து நான்காக மடித்த தாள்களை எடுத்தான். விரித்தான், பார்த்தான், பின்வாசலை ஒரு தடவை பார்த்தான், மடித்துத் திரும்பப் பைக்குள் வைத்தான்.

"தென் கரோலினா மாநிலத்துச் செனட்டர் அவர்களே, உங்கட மாநிலத்தில பனை இருக்குதோ?"

அவ்வளவுதான். உட்கார்ந்துவிட்டான்.

முந்நூற்று நாற்பது பேர் இருந்திருப்பார்கள். நாலு பேரைத் தவிர அத்தனை பேரும் சிரித்தார்கள். சிரிக்காத நாலு பேர் பெரியப்பா, சரித்திர வாத்தியார், மாசச்சூசெட்ஸ், நான்.

கணக்கு வாத்தியார் எனக்கு வாக்குப் போட்டார், காரணங்களுக்கு இலக்கமிட்டிருந்ததற்காக. அதிபர் மாசச்சூசெட்சுக்கு. பெரியப்பா எழும்பி, அமெரிக்காவின் அந்த அபலைகளை நினைத்துக் கண்ணைத் துடைத்தபடி ஒரு சிறு பிரசங்கம் செய்து, மாசச்சூசெட்சுக்கே போட்டார். பரிசு ஒரு மைப்பேனா. அதைப் பெரியப்பா கையில் கொடுக்காமல் மேசையில் வைத்து, எடுத்துக்கொள்ளும்படி விரலால் காட்டினார். வென்றவன் தன் பரிசைத் தானே எடுப்பது அமெரிக்க வழக்கமாக்கும் என்று நான் நினைத்தேன்.

பெரியப்பாவின் சைக்கிள் பாரில் வீட்டுக்குப் போனேன். மூன்று மைல். ஒன்றேமுக்கால் மைல் வரை வேகமாக மிதித்தார். பிறகு கேட்டார்:

"உதெல்லாத்தையும் உனக்கு ஆரடா சொல்லித்தந்தது?"

"நீங்கள்தான் பெரியப்பா" என்றேன். தோற்றாலும் அவரைச் சந்தோஷப்படுத்தலாம் என்று.

சைக்கிள் நின்றது. இறங்கி நடந்து வா என்றார். மிச்சம் ஒன்றேகால் மைலையும் நடந்தேன். பனையை மறந்ததற்கான தண்டனை என்று எண்ணிக்கொண்டேன். ஆவணியில் மாசச்சூசெட்ஸ் கொழும்புக்குப் போனபோது வேலியில் நின்று ரயிலின் கூவலைக் கேட்டேன். பனை என்ற இரண்டு எழுத்தை வெட்டியிருந்தால் அதில் நான் இருந்திருப்பேன். பள்ளிக்கூடம் முடிந்து, உத்தியோகம் பார்த்து, ஊர் எரிந்து, அகதியாக இங்கே வந்து இறங்கிய பின்னும் அந்த எண்ணம் என்னை விடவில்லை.

மாசச்சூசெட்ஸ் எனக்கு மூன்று வருடம் முன்னதாகவே மொன்றியலுக்கு வந்தவர். டவுன்டவுன் சமையலறைகளில் பதினொரு வருடம் பாத்திரம் கழுவிப் பிறகு கடை வைத்து, இப்போது லவாலில் ஓய்வாக இருக்கிறார். கல்யாண வீடுகளிலும் செத்த வீடுகளிலும் சந்திப்போம். அந்த விவாதத்தைப் பற்றி மட்டும் நாங்கள் பேசிக்கொண்டதில்லை.

துவாயைக் கண்ட மறுநாள் அவரைக் கூப்பிட்டேன். முக்கியமான விஷயம், ஜாரி மெத்ரோவடிக் கோப்பிக் கடைக்கு வாரும் என்றேன். மதாமிடம் துவாயை இரவல் வாங்கிக்கொண்டு போனேன். ஏன் என்று கேட்டார், சாட்சி என்று சொல்லத் தெரியாமல் "மெர்சி" என்றேன்.

மேசையில் துவாயை விரித்து, கொடி, மாநிலம், மரம் என்று வரிசையாக நிரூபித்தேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மரத்தை நன்றாகப் பார்த்தார்.

"அப்ப நான் அந்தப் பேனாவைத் திருப்பித் தரவேணுமோ?"

"பேனா வேண்டாம். ஆனால் உது தெரிஞ்சிருந்தால் அண்டைக்கு நான் கொழும்புக் கோச்சி ஏறியிருப்பன்."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "தென் கரோலினா, நீர் பனையாலயோ தோத்தனீர்?"

பிறகு ஆறுதலாகச் சொன்னார். அன்று மடித்துப் பைக்குள் வைத்த நான்கு தாளும் என் ஏழு காரணங்களுக்கும் எழுதிய மறுமொழி. இலக்கம் போட்டு, ஒவ்வொன்றுக்கும் ஒன்று. கடைசித் தாள் முழுக்க எங்கள் வீட்டுக் கதியாலில் இருந்த ரின்பால் பேணியைப் பற்றியது. வியாழக்கிழமை தகப்பனுக்கு வாசித்துக் காட்டியிருக்கிறார். வாசிக்கத் தெரியாத மனிதர். முழுவதையும் கேட்டு, மிகத் திறம் என்று சொல்லி, நடுவர்மார் யார் என்று விசாரித்தாராம். பதில் கேட்டதும், "உதை விடு ராசா. நான் நாளைக்கும் அவையின்ர மரத்தில ஏறவேணும்" என்றாராம். வெள்ளிக்கிழமை மண்டபத்தின் பின்வாசலில் வந்து நின்றிருக்கிறார்.

"உம்மட தாளில பனை கிடந்ததைச் செவ்வாய்க்கிழமையே கண்டனான்" என்றார். "சொல்லியிருந்தால் நீர் வெட்டியிருப்பீர். எனக்கு வாய்திறந்து கேக்கக்கூடியதா இருந்தது அது ஒண்டுதான்."

சொல்லத் தெரியாதபோது எண்ணுவேன் அல்லது கேள்வி கேட்பேன். கொழும்பில் என்ன நடந்தது என்று கேட்டேன்.

"அங்கயும் சீட்டுத்தான். எனக்கு உம்மட பக்கம் விழுந்தது."

"என்ன செய்தனீர்?"

"உம்மட ஏழையும் சொன்னன். ஒண்டும் விடேல்லை. பாடமாக்கவேண்டியும் இருக்கேல்லை, பிறந்ததில இருந்து கேட்டதுதானே. பனையை மட்டும் வெட்டினன்." அவர் சிரித்தார். "வெண்டனான். அங்க ஒருத்தரும் சிரிக்கேல்லை. எழும்பி நிண்டு கை தட்டினவை."

எட்டாவது காரணத்தையும் சொன்னீரோ, அந்தக் குளிர், என்று கேட்டேன். ஓம், அதற்குத்தான் கூடக் கை தட்டினார்கள் என்றார்.

இதைச் சொல்லிவிட்டு அவர் கோப்பியைக் கடைசி வாய் வரை குடித்தார். கடதாசிக் கோப்பையைத் துடைப்புத்தாளின் மேல் இரண்டு தடவை உதறினார். ஒரு சொட்டும் இல்லை என்று பார்த்துவிட்டு மேசையில் கவிழ்த்து வைத்தார்.

கல்யாண வீடுகளிலும் செத்த வீடுகளிலுமாக அவர் இப்படிச் செய்வதைக் குறைந்தது முப்பது தடவையாவது கண்டிருப்பேன். சுத்தமான மனிதர் என்றே நினைத்திருந்தேன்.

எங்கள் வீட்டில் பேணிகள் பன்னிரண்டு, நான் எப்போதும் பன்னிரண்டு என்றுதான் சொன்னேன் என்று அவரிடம் சொல்ல வாயெடுத்தேன். எண்ணியவன் நான், ஏன் அம்மாவின் கணக்கில் ஒன்று குறைகிறது என்று ஒரு நாளாவது கேட்காதவனும் நான்தான். ஆகவே சொல்லவில்லை. என் கை என் கோப்பையை எடுத்தது. ஏனென்று இப்போதும் தெரியாது, நானும் என்னுடையதைக் கவிழ்த்தேன்.

அதில் முக்கால்வாசிக் கோப்பி இருந்தது.

அது மேசையில் ஓடி, துவாயில் ஏறி, நேரே மரத்துக்குள் இறங்கியது. மாசச்சூசெட்ஸ் துடைப்புத்தாள்களை அள்ளி அள்ளி ஒற்றினார். தோள் குலுங்கிற்று, கண்ணிலிருந்து தண்ணீர் வந்தது.

"முதல்ல குடிக்கவேணும் ஐசே, பேந்துதான் கவிழ்க்கவேணும். உங்கட வீட்டில உதையும் பழக்கேல்லையோ?"

எனக்கு இன்னொரு கோப்பி வாங்கிவந்தேன். அதைக் குடித்து முடித்து, உதறிப் பார்த்து, கவிழ்த்தேன். இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன.

துவாயை இரண்டு தடவை தோய்த்தும் கறை முழுதாகப் போகவில்லை. வெள்ளையாக இருந்த மரம் அடியிலிருந்து பாதிக்கு மேல் மண்ணிறமாகி, இப்போது அசல் எங்கள் ஊர்ப் பனை மாதிரியே நிற்கிறது. மதாம் பார்த்துவிட்டு, முன்னையதைவிட இது வடிவு என்றார்.

கோப்பி மூன்று, வரியோடு பதினொரு டொலர் இருபது சதம். துடைப்புத்தாள் பதினான்கு, இலவசம். தோய்க்கிற கடையில் இரண்டு தடவை தோய்க்க ஒன்பது டொலர் ஐம்பது, காயவைக்க இரண்டு டொலர் ஐம்பது. ஆகமொத்தம் இருபத்துமூன்று டொலர் இருபது சதம்.